யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?

1866 ஜூலை 3. இன்றைய செக் நாட்டில் உள்ள கோனிக்ராட்ஸ் ஊருக்குப் பக்கத்தில், ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிக்கொண்டிருக்கின்றன. சண்டை மும்முரமாக இருக்கும் நேரத்தில், பிரஷ்யப் படையில் டிவிஷன் என்ற படைப்பிரிவு ஒன்றை நடத்திக்கொண்டிருந்த மான்ஸ்டைன் என்ற ஜெனரலுக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வருகிறது. கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "அதெல்லாம் சரிதான். யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?"

அந்த மோல்ட்கே அப்போது பிரஷ்ய ராணுவத்தின் 'ஜெனரல் ஸ்டாஃப்' தலைவராக ஒன்பதாவது ஆண்டில் இருந்தார். வயது 65. போர்த் திட்டமே அவருடையது. ஆனாலும் சொந்தப் படையின் ஒரு டிவிஷன் தளபதிக்கு அவர் யாரென்று தெரியவில்லை. நான்கே ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவில் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹெல்முட் ஃபோன் மோல்ட்கே என்ற பெயரில் இரண்டு தளபதிகள் உண்டு. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியபோது ஜெர்மன் படையை நடத்தித் தோற்றவர் இவருடைய தம்பி மகன். சின்ன மோல்ட்கே என்பார்கள். நாம் பேசப்போவது அவருடைய பெரியப்பாவை, அதாவது மூத்த மோல்ட்கேயை.

இவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள 'ஜெனரல் ஸ்டாஃப்' என்றால் என்னவென்று தெரிந்தால் போதும். அது தெரியாவிட்டால், மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்த ஒரு மனிதர் எப்படி மூன்று போர்களை ஜெயித்தார் என்பது மர்மமாகவே இருக்கும்.

பழைய காலத்துத் தளபதி ஒரு மேட்டில் குதிரைமேல் நின்று பார்த்தால் இரண்டு தரப்புப் படையும் கண்ணில் படும். இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் அடி என்று ஆள் விட்டுச் சொல்லலாம். ஐம்பதாயிரம் பேர் வரைக்கும் இது நடக்கும். படை இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பெருத்து, நூறு கிலோமீட்டர் அகலத்தில் பரவி நடக்கும்போது எந்த மேட்டில் நின்றாலும் ஒன்றும் தெரியாது. அப்போது தளபதிக்குப் பதிலாக யோசிக்க ஒரு கூட்டம் வேண்டும். எந்தப் பாலம் பீரங்கியின் எடையைத் தாங்கும், எந்த ஊரில் எத்தனை குதிரைக்குத் தீவனம் கிடைக்கும், எந்த ரயில் எத்தனை மணிக்கு எந்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் என்பதையெல்லாம் அமைதிக்காலத்திலேயே கணக்குப் போட்டு வைக்கிற கூட்டம். அதுதான் ஜெனரல் ஸ்டாஃப்.

பிரஷ்யாவுக்கு இது தேவை என்று உறைத்தது 1806இல், நெப்போலியனிடம் வாங்கிய அடியில். ஷார்ன்ஹோர்ஸ்ட் போன்ற சீர்திருத்தக்காரர்கள் அதற்கு அடித்தளம் போட்டார்கள். அரச குடும்பத்தில் பிறந்த ஓர் இளவரசரைத் தளபதியாக வைக்க வேண்டிய கட்டாயம் எப்போதும் இருந்தது. சரி, இளவரசர் இருக்கட்டும், அவர் பக்கத்தில் படித்த ஓர் ஆளை உட்கார வைப்போம் என்று ஓர் ஏற்பாடு. அந்தப் படித்த ஆளை உருவாக்குகிற தொழிற்சாலையாக ஸ்டாஃப் வளர்ந்தது.

இனி மனிதரைப் பார்ப்போம்.

பிரஷ்யாவின் பெருமை என்று கொண்டாடப்பட்ட இவர் பிரஷ்யாவில் பிறக்கவில்லை. 1800 அக்டோபர் 26 அன்று, தனி ஜெர்மன் அரசாக இருந்த மெக்லென்பர்க்கில் உள்ள பார்ஷிம் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா டென்மார்க் அரசின் ராணுவத்தில் சேர்ந்தவர். பிரபுக் குடும்பம் என்ற பெயர் இருந்ததே தவிரக் கையில் காசில்லை. 1806இல் லூபெக்கில் இருந்த வீட்டைப் பிரெஞ்சுப் படையினர் சூறையாடினார்கள். பதினொரு வயதில் பையனைக் கோபன்ஹேகனில் உள்ள ராணுவப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். கடுமையான இடம், அன்பு காட்ட ஆளில்லை. அங்கே ஒடுங்கிப்போன பேச்சு கடைசி வரை அப்படியே இருந்தது. 'ஏழு மொழிகளில் மௌனமாக இருக்கத் தெரிந்தவர்' என்று பின்னாளில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

1819இல் டேனிஷ் படையில் லெஃப்டினன்ட். மூன்றே ஆண்டில், சின்ன நாட்டில் இருந்தால் முன்னேற முடியாது என்று கணக்குப் போட்டுப் பிரஷ்யாவுக்கு மாறினார். 1823 முதல் 1826 வரை பெர்லின் போர்க் கல்லூரியில் படிப்பு. அப்போது அதன் இயக்குநர், போர்க்கலை பற்றி எழுதிப் புகழ்பெற்ற கிளாஸ்விட்ஸ். ஆனால் அவர் நிர்வாகத்தைப் பார்த்தாரே தவிரப் பாடம் நடத்தவில்லை. ஆகவே 'குருவும் சீடனும்' என்று படம் வரைந்துகொள்ள வேண்டாம்.

சம்பளம் பத்தாது. ஸ்டாஃப் அதிகாரிக்குக் குதிரை வேண்டும், குதிரைக்குப் பணம் வேண்டும். அதற்காக ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய மாபெரும் வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டார். பெரும்பகுதியை முடித்தும் விட்டார். பதிப்பாளர் புத்தகத்தைக் கொண்டுவரவே இல்லை. பேசிய தொகையில் ஒரு பங்குதான் கைக்கு வந்தது. எழுதிப் பிழைக்கப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

1835இல் விடுப்பில் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போனவரை, துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் படையைச் சீர்திருத்த ஆலோசகராக வைத்துக்கொண்டார். நான்கு ஆண்டுகள் துருக்கி. நகரத்தை அளந்து வரைபடம் போட்டார். அனடோலியாவில் குதிரையில் சுற்றினார். 1839 ஜூன் 24 அன்று நிசிப் என்ற இடத்தில் எகிப்தின் இப்ராஹிம் பாஷாவோடு சண்டை. பின்வாங்கி நல்ல இடத்துக்குப் போய்விடலாம் என்று மோல்ட்கே சொன்னார். தளபதி ஹாஃபிஸ் பாஷா கேட்கவில்லை. துருக்கிப் படை சிதறி ஓடியது. மோல்ட்கேயும் குதிரையைத் தட்டிவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. 1866க்கு முன் அவர் நேரில் கண்ட பெரிய சண்டை இது ஒன்றுதான், அதுவும் தோல்வி. களத்தில் ஒரு ரெஜிமெண்டை நடத்திய அனுபவம்கூட அவருக்குக் கிடையாது. இன்றைக்கு வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

ஊர் திரும்பியதும் 1842இல் மேரி பர்ட் என்ற பெண்ணை மணந்தார். தங்கையின் கணவருக்கு முதல் தாரத்தில் பிறந்தவர், இங்கிலாந்துக்காரத் தந்தையின் மகள், இவரைவிட 25 வயது இளையவர். குழந்தை இல்லை, ஆனால் நெருக்கமான தம்பதி. 1868 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மேரி இறந்தபோது மனிதர் உடைந்துபோனார்.

அதே 1840களில் அவருக்கு இன்னொரு பித்தும் பிடித்தது. ரயில். பெர்லின்-ஹாம்பர்க் ரயில் கம்பெனியின் இயக்குநர் குழுவில் சேர்ந்து, துருக்கியில் சேர்த்த பணத்தை அதில் போட்டார். தடத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது, வளைவும் ஏற்றமும் எவ்வளவு இருக்கலாம் என்றெல்லாம் 1843இல் நீண்ட கட்டுரை எழுதினார். ஜெர்மனியில் ரயிலே அப்போது பால்குடி மறக்காத குழந்தை. போர்வீரர்கள் பெரும்பாலும் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்த காலம்.

1857 அக்டோபரில் ஸ்டாஃபின் தலைமை அவரிடம் வந்தது. முதலில் பொறுப்பு, மறு ஆண்டு நிரந்தரம். அந்தப் பதவிக்கு அப்போது பெரிய மரியாதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படைக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. போர் அமைச்சகத்துக்குக் கீழே கிடக்கும் ஓர் அலுவலகம். வரைபடமும் அறிக்கையும் தயாரிக்கிற இடம். மான்ஸ்டைன் கேட்ட கேள்விக்கு இதுதான் பின்னணி.

சாலைக் கணக்கு

மோல்ட்கேயின் யோசனை முழுவதும் ஒரு சின்னக் கணக்கிலிருந்து முளைத்தது.

ஒரு 'கோர்' என்பது சுமார் 30,000 பேர் கொண்ட படைப்பிரிவு. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிகள், குண்டு வண்டிகள், ரொட்டி சுடும் வண்டிகள், காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டிகள் எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கூட்டத்தை ஒரே சாலையில் நடக்க விட்டால் வரிசை 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும். காலாட்படை ஒரு நாளில் வசதியாக நடக்கக்கூடிய தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது வரிசையின் தலை காலையில் கிளம்பி மாலையில் அடுத்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், வால் பழைய முகாமை விட்டு நகரும். முன்னால் போகிறவன் எதிரியைச் சந்தித்தால், கடைசியில் இருப்பவன் வந்து சேர ஒரு நாள் ஆகும். அதே சாலையில் இரண்டாவது கோர் வந்தால்? அது அன்றைய சண்டைக்கு உதவாது. எட்டுக் கோர்கள் வந்தால் வரிசை 160 கிலோமீட்டர்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பெரிய படையை ஒன்றாக நடத்தவே முடியாது. பல சாலைகளில் பிரித்துத்தான் விட வேண்டும். அதே சமயம் ஒரே இடத்தில் குவித்து வைக்கவும் முடியாது. குவித்தால் சோறு கிடைக்காது, மறுபடி நகர்த்தவும் வழியிருக்காது. எனவே 'பிரிந்து நட, சேர்ந்து அடி' என்றார்கள். நெப்போலியனும் பிரிந்துதான் நடந்தார். ஆனால் சண்டைக்கு முன்பே படைகளைச் சேர்த்துக்கொள்ளப் பார்ப்பார். மோல்ட்கே அந்தச் சேர்க்கையைப் போர்க்களத்துக்கே தள்ளிப்போட்டார். இரண்டு, மூன்று திசைகளிலிருந்து வரும் படைகள் எதிரியின் தலைக்கு மேலேயே சந்தித்துக்கொள்ளும். வேளைக்கு வந்து சேர்ந்தால் எதிரி இரண்டு பக்கமும் நசுங்குவான். வராவிட்டால் ஒவ்வொரு படையும் தனித்தனியாக அடி வாங்கும். துணிச்சலான சூதாட்டம் என்றே அன்றைய நிபுணர்கள் பலர் நினைத்தார்கள். அதில் தப்பும் இல்லை.

இப்படிப் பிரிந்து போகிற படைகளை யார் கட்டுப்படுத்துவது? தந்தி இருக்கிறது, ஆனால் கம்பி அறுந்துபோகும். இங்கேதான் ஸ்டாஃபின் இன்னொரு பயன். கல்லூரியிலிருந்து வருடா வருடம் மிகச் சிலரை மட்டும் மோல்ட்கே தேர்ந்தெடுப்பார். அவர்களோடு குதிரையில் ஊர் ஊராகப் போவார். ஒரு மேட்டில் நிறுத்தி, எதிரி அந்தக் காட்டிலிருந்து வருகிறான், உன்னிடம் இவ்வளவு ஆள் இருக்கிறது, என்ன செய்வாய், இப்போதே உத்தரவை எழுது என்பார். வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி விளையாடும் போர் விளையாட்டும் உண்டு. சில காலம் பெர்லினில் வைத்திருந்து, திரும்ப ரெஜிமெண்டுக்கு அனுப்பி வெயிலிலும் சேற்றிலும் நிற்க வைத்து, மறுபடி அழைத்துக்கொள்வார். இப்படித் தேறியவர்கள் ஒவ்வொரு கோர் தளபதிக்கும், ஒவ்வொரு டிவிஷன் தளபதிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். ஒரே நிலைமையைப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள். அதனால் நீண்ட உத்தரவு தேவையில்லை. எதைச் சாதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். எப்படி என்பதை அங்கே இருப்பவன் பார்த்துக்கொள்வான். ராணுவப் பாடங்களில் இன்றும் ஜெர்மன் பெயரோடு வரும் 'ஆஃப்டிராக்ஸ்டாக்டிக்' என்ற முறையின் வேர் இதுதான்.

இதற்கு மேல் ரயில். 1866இல் ஆஸ்திரியாவை நோக்கிப் படையைக் கொண்டுபோகப் பிரஷ்யாவுக்கு ஐந்து தடங்கள் இருந்தன. வியன்னாவிலிருந்து வடக்கே வர ஆஸ்திரியாவுக்கு ஒன்றே ஒன்று. மன்னர் வில்ஹெல்ம் போருக்குத் தயங்கியதால் பிரஷ்யா தாமதமாகத்தான் ஆள் திரட்டத் தொடங்கியது. அப்படியும் மூன்று வாரத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேரும் 55,000 குதிரைகளும் எல்லைக்கு வந்துவிட்டார்கள். ஐந்து தடங்கள் ஐந்து இடத்தில் போய் முடிந்ததால், படை சுமார் 400 கிலோமீட்டர் அகலத்தில் சிதறி இறங்கியது. மோல்ட்கேக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். அவருக்கோ, தாமதத்தை ஈடுகட்ட வேறு வழியில்லை என்பது தெரியும்.

கோனிக்ராட்ஸ்

இந்தப் போருக்கு முன்னால் 1864இல் டென்மார்க்கோடு ஒரு போர் நடந்தது. தன்னை வளர்த்த நாட்டோடு சண்டை. திட்டத்தை மோல்ட்கே எழுதினார். களத்தில் இருந்த கிழட்டு மார்ஷல் ராங்கல் அதைச் சொதப்பினார். ஏப்ரல் கடைசியில்தான் மோல்ட்கேயைக் களத்துக்கு அனுப்பினார்கள். ஜூன் 29 அன்று ஆல்சன் தீவுக்குப் படகில் படையைக் கடத்தி வேலையை முடித்தார். மன்னருக்கு நம்பிக்கை வந்தது. 1866 ஜூன் 2 அன்று, இனி ஸ்டாஃப் தலைவர் படைகளுக்கு நேரடியாக உத்தரவு போடலாம் என்று அரசாணை வந்தது. மோல்ட்கேயின் வாழ்க்கையில் மற்ற எல்லாத் தேதிகளையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஜூன் கடைசி வரை பெர்லினில் இருந்தபடி தந்தியில் மூன்று படைகளையும், ஆஸ்திரியாவின் வசம் இருந்த பொஹீமியாவுக்குள் (இன்றைய செக் நாட்டின் பகுதி) நகர்த்தினார். ஆஸ்திரியத் தளபதி பெனடெக் வீரர். ஆனால் அவருக்குப் பழக்கமான இடம் இத்தாலி. பொஹீமியாவின் மலையும் ஆறும் தெரியாது என்று அவரே முதலில் மறுத்துப் பார்த்தார்.

ஜூலை 2 இரவு. மன்னரும் மோல்ட்கேயும் கிட்ஷின் என்ற ஊரில் தங்கியிருக்கிறார்கள். ஆஸ்திரியப் படை முழுவதும் எல்பே ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது என்று முதலாம் படையிலிருந்து செய்தி வருகிறது. தூங்கிக்கொண்டிருந்த மோல்ட்கேயை எழுப்பிச் சொல்கிறார்கள். "கடவுளுக்கு நன்றி!" என்றாராம். எதிரி ஆற்றைத் தாண்டிப் போய் நின்றிருந்தால் கஷ்டம். இப்போது ஆறு அவன் முதுகுக்குப் பின்னால். உடனே பட்டத்து இளவரசரின் இரண்டாம் படைக்கு, எல்லாப் பலத்தோடும் எதிரியின் வலப்பக்கத்தில் வந்து விழுங்கள் என்று உத்தரவு எழுதினார். தந்தித் தொடர்பு இல்லை. ஃபின்கன்ஸ்டைன் என்ற அதிகாரி இருட்டிலும் மழையிலும் குதிரையில் போய், விடியற்காலை நான்கு மணிக்கு அதைக் கொடுத்தார். ஒரு குதிரை கால் இடறியிருந்தால் ஐரோப்பாவின் வரைபடம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

காலையில் தூறலும் மூடுபனியும். ஒரு பக்கத்தில் முதலாம் படை ஆஸ்திரியப் பீரங்கிகளிடம் அடி வாங்குகிறது. காட்டுக்குள் புகுந்த ஒரு டிவிஷன் மணிக்கணக்கில் கரைகிறது. நண்பகல் நெருங்குகிறது, இளவரசரைக் காணோம். மன்னர் பதறுகிறார், பின்வாங்கலாமா என்று கேட்கிறார். இங்கே பின்வாங்கல் கிடையாது, பிரஷ்யாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று மோல்ட்கே பதில் சொல்கிறார். பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க்குக்கும் வயிற்றைக் கலக்குகிறது. நிலைமை உண்மையில் எப்படி என்று அறிய ஒரு தந்திரம் செய்ததாகச் சொல்வார்கள்: தன் சுருட்டுப் பெட்டியைத் திறந்து மோல்ட்கேயிடம் நீட்டினார். மோல்ட்கே நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, இருப்பதில் நல்ல சுருட்டை எடுத்துக்கொண்டார். பிஸ்மார்க்குக்கு மூச்சு வந்தது.

மதியத்துக்குப் பிறகு இளவரசரின் படை வடக்கிலிருந்து இறங்கி, ஆஸ்திரிய அணியின் நடுவில் உயரமாக இருந்த ஹ்லூம் கிராமத்தைப் பிடித்தது. அவ்வளவுதான். இரண்டு தரப்பிலும் சேர்ந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மோதிய சண்டை. பிரஷ்யாவின் இழப்பு சுமார் 9,000 பேர். ஆஸ்திரியத் தரப்பில் கைதிகளையும் சேர்த்து 40,000க்கு மேல். இதில் பிரஷ்யர்களின் ஊசித் துப்பாக்கிக்கும் பெரிய பங்குண்டு. ஆஸ்திரியச் சிப்பாய் நின்றபடி குழல் வாயில் மருந்து இடித்து ஒரு முறை சுடுவதற்குள், பிரஷ்யன் படுத்துக்கொண்டே பின்பக்கமாகத் தோட்டா போட்டு நான்கைந்து முறை சுட்டுவிடுவான். எல்லாம் மோல்ட்கே மூளை என்று எழுதுகிறவர்கள் இந்தத் துப்பாக்கியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பரிசாகக் கிடைத்த பணத்தில் 1867இல் சைலீசியாவில் கிராய்சாவ் என்ற பண்ணையை வாங்கினார். முதல் முறையாகச் சொந்த வீடு. மரம் வளர்ப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை.

1870

பிரான்ஸோடு போர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் கேள்வி. ஜூலை 13 அன்று, பிரெஞ்சுத் தூதரோடு நடந்த பேச்சைப் பற்றி எம்ஸ் என்ற ஊரில் இருந்த மன்னரிடமிருந்து வந்த தந்தியைப் பிஸ்மார்க் வெட்டிச் சுருக்கிப் பிரான்ஸைச் சீண்டும்படி வெளியிட்டபோது, அந்த மேசையில் மோல்ட்கேயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 19ஆம் தேதி பிரான்ஸ் போர் அறிவித்தது.

எல்லா நேரமும் வேலையில் மூழ்கியிருந்த மனிதருக்கு அந்த இரண்டு வாரம் வேலையே இல்லை. ஸோபாவில் படுத்து நாவல் படித்துக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. நம்பலாம் போலத்தான் இருக்கிறது. எந்த ரயிலில் எந்த ரெஜிமெண்ட் ஏறும், எங்கே நின்று சாப்பிடும், எங்கே இறங்கும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. தேதியை மட்டும் நிரப்ப வேண்டும். 18 நாட்களில் 11,83,000 பேர் சீருடைக்குள் வந்தார்கள். அவர்களில் 4,62,000 பேர் பிரெஞ்சு எல்லையில் இறங்கினார்கள். எதிர்ப்பக்கம், ஒரு பிரெஞ்சு ஜெனரல் பெல்ஃபோர் வந்து சேர்ந்து பாரிஸுக்குத் தந்தி அடிக்கிறார்: என் படைப்பிரிவைக் காணோம், என் மேலதிகாரியைக் காணோம், என்ன செய்வது? பிரெஞ்சுச் சிப்பாயின் ஷாஸ்போ துப்பாக்கி ஜெர்மன் துப்பாக்கியைவிட இரண்டு மடங்கு தூரம் சுடும். பயன் என்ன? ஆள் ஓரிடம், தளவாடம் வேறிடம்.

சண்டை தொடங்கியதும் திட்டம் கோணல்மாணலாகத்தான் போனது. எதிரியின் முக்கியப் படையைச் சந்திக்கும் வரைதான் எந்தத் திட்டமும் நிச்சயம் என்று மோல்ட்கே எழுதியது பிரபலம். அது ஏதோ தத்துவ வாக்கியம் மாதிரி இன்று கம்பெனிக் கூட்டங்களில் உலவுகிறது. அவருக்கு அது பட்டறிவு. முதலாம் படையின் தளபதி ஸ்டைன்மெட்ஸ் 73 வயது முரடர். அடுத்த படைக்கு ஒதுக்கிய சாலையில் தன் ஆட்களை விட்டார். ஆகஸ்ட் 18 அன்று கிராவெலோட்டில், எதிரே துப்பாக்கிகள் காத்திருக்கும் பள்ளத்தாக்குக்குள் மேலும் மேலும் ஆட்களை இறக்கினார். அதே நாள் இன்னொரு முனையில், சான் பிரிவா கிராமத்தை நோக்கி வெட்டவெளியில் ஏறிய அரச காவல்படை மட்டும் சுமார் 8,000 பேரை இழந்தது. மொத்தம் 20,000 ஜெர்மானியர். பிரெஞ்சு இழப்பு அதைவிடக் குறைவு. மாலையில் கடைசி ரிசர்வையும் உள்ளே விட்டதைத் தடுத்திருக்க வேண்டும் என்று மோல்ட்கே பிறகு எழுதினார். கீழே இருப்பவனுக்குச் சுதந்திரம் கொடுக்கிற முறையில் உள்ள வில்லங்கம் இது. புத்திசாலிக்குக் கிடைக்கிற அதே சுதந்திரம் ஸ்டைன்மெட்ஸுக்கும் கிடைக்கும். செப்டம்பரில் அவரைப் பதவியிலிருந்து இறக்கி அனுப்பினார்கள்.

அந்த முறையின் நல்ல பக்கம் ஒரு வாரத்தில் தெரிந்தது. மெட்ஸ் கோட்டையில் சிக்கிய பிரெஞ்சுத் தளபதி பஸேனைக் காப்பாற்ற, மக்மஹோன் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தளபதி வேறொரு படையோடு வடக்கே சுற்றிக்கொண்டு போகிறார் என்று பத்திரிகைச் செய்திகளிலிருந்தே மோல்ட்கேக்குத் துப்புக் கிடைத்தது. பாரிஸை நோக்கி மேற்கே நடந்துகொண்டிருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆகஸ்ட் 25, 26 தேதிகளில் வலப்பக்கமாக, வடக்கே திருப்பினார். காட்டுச் சாலைகளில் இவ்வளவு பெரிய படையைத் திருப்புவது விளையாட்டல்ல. கோர்களில் இருந்த அவருடைய மாணவர்கள் அதைச் செய்து முடித்தார்கள். செப்டம்பர் 1 அன்று செடானில் பிரெஞ்சுப் படையும் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் கிண்ணத்துக்குள் விழுந்த மாதிரி மாட்டிக்கொண்டார்கள். மக்மஹோன் காலையிலேயே காயம்பட்டுவிட்டார்.

அன்றிரவு டான்ஷெரி என்ற ஊரில் ஒரு வீட்டில் சரணடைதல் பேச்சு. பிரெஞ்சுத் தரப்பில் அன்றைக்குத்தான் தலைமை ஏற்றிருந்த விம்ப்ஃபன் கௌரவமான நிபந்தனை கேட்கிறார். இல்லாவிட்டால் மறுபடி சண்டை என்கிறார். மோல்ட்கே குரலை உயர்த்தவில்லை. உங்களிடம் இரண்டு நாள் உணவுகூட இல்லை, குண்டு இல்லை. என்னிடம் 2,40,000 பேர், உங்களைச் சுற்றி 500 பீரங்கி. வேண்டுமானால் உங்கள் அதிகாரி ஒருவரை அனுப்புங்கள், ஒவ்வொரு பீரங்கியும் நிற்கும் இடத்தை நானே காட்டச் சொல்கிறேன் என்றார். காலை ஒன்பது மணி வரை கெடு. சண்டையில் பிடிபட்டவர்களையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கைதிகள்.

அதோடு முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார். அக்டோபர் கடைசியில் கிராய்சாவில் முயல் சுடலாம் என்று தம்பி அடால்ஃபுக்கு எழுதினார். பாரிஸோ பேரரசரைத் தூக்கியெறிந்துவிட்டுக் குடியரசு என்று அறிவித்துச் சண்டையைத் தொடர்ந்தது. புதிய அரசின் அமைச்சர் கம்பெட்டா முற்றுகையிடப்பட்ட பாரிஸிலிருந்து பலூனில் பறந்து போய்ப் புதுப் படை திரட்டினார். கிராமங்களில் ஒளிந்திருந்து சுட்டார்கள். ஜெர்மானியர் பதிலுக்குக் கிராமங்களைக் கொளுத்தினார்கள். ராணுவத்தை ஜெயிக்கத் தெரிந்த மோல்ட்கேக்கு, ஜனங்களோடு என்ன செய்வதென்று பிடிபடவில்லை.

ரயில் மந்திரமும் எல்லையைத் தாண்டியதும் பலிக்கவில்லை. தூல் கோட்டை செப்டம்பர் 23 வரை பாரிஸ் தடத்தை மறித்தது. நான்டேய் சுரங்கப்பாதையைப் பிரெஞ்சுக்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள். நவம்பர் கடைசி வரை அந்தத் தொல்லை தீரவில்லை. பின்னால் ஸ்டேஷன்களில் உணவு ரயில்கள் வரிசையாக நின்று ரொட்டி பூசணம் பிடிக்க, முன்னால் சிப்பாய்கள் பிரெஞ்சு வயல்களில் உருளைக்கிழங்கு தோண்டினார்கள். மோல்ட்கேயின் ரயில் பெருமையை வாயாரப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

பிஸ்மார்க்கோடு பெரிய சண்டை மூண்டதும் இங்கேதான். பாரிஸைப் பீரங்கியால் அடித்துச் சீக்கிரம் முடியுங்கள், வேறு நாடுகள் தலையிட்டுவிடும் என்பது பிஸ்மார்க்கின் கவலை. பசி போதும், கனரகக் குண்டும் வந்து சேரவில்லை என்பது மோல்ட்கே வாதம். இதைவிட ஆழமான தகராறு ஒன்று இருந்தது. போர் தொடங்கிவிட்டால் அது முடியும் வரை அரசியல்வாதி ஒதுங்கி நிற்க வேண்டும் என்று மோல்ட்கே உண்மையாகவே நம்பினார். ராணுவக் கூட்டங்களுக்குப் பிஸ்மார்க்கை அழைப்பதுகூட இல்லை. 1871 ஜனவரி 5 அன்று பாரிஸ்மீது குண்டு விழத் தொடங்கியது; அதே மாதக் கடைசியில் மன்னர் பிஸ்மார்க் பக்கம் சாய்ந்தார்; 28ஆம் தேதி போர்நிறுத்தம். குண்டு வீச்சு விஷயத்தில் மோல்ட்கே பக்கம் நியாயம் உண்டு என்பேன். அரசியல் விஷயத்தில் பிஸ்மார்க் சொன்னதே சரி. மோல்ட்கேயின் இந்த நம்பிக்கை அவருக்குப் பின் வந்தவர்களிடம் இன்னும் முற்றிப்போனது. போர்த் திட்டத்துக்கு ஏற்ப அரசியல் வளைய வேண்டும் என்கிற அளவுக்கு.

போர் நடக்கும்போதே அவருக்குப் பிரபுப் பட்டம் வந்தது. 1871 ஜூனில் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அதன் பிறகு 17 ஆண்டுகள் அதே நாற்காலி. பிரான்ஸிடமிருந்து மெட்ஸையும் எல்லையில் உள்ள அல்சாஸ் பகுதியையும் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதன் விளைவாகப் பிரான்ஸ் ஜென்ம விரோதியாகிவிட, கிழக்கே ரஷ்யாவும் மேற்கே பிரான்ஸும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று மீதிக் காலம் முழுக்கத் திட்டம் மாற்றி மாற்றி எழுதினார். அவருடைய ஸ்டாஃப் முறையை உலகமே நகல் எடுத்தது. ஜப்பான் கேட்டபோது 1885இல் மெக்கல் என்ற மேஜரை அனுப்பி வைத்தார்.

1888இல், 87 வயதில் ஓய்வு. 1867 முதலே நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் எப்போதாவது எழுந்து பேசுவார். 1890 மே 14 அன்று பேசியது கடைசிப் பேச்சு. மன்னர்கள் தீர்மானித்து நடத்தும் போர் போய்விட்டது, இனி வருவது மக்கள் போர். அது ஏழு ஆண்டும் நீளலாம், முப்பது ஆண்டும் நீளலாம், ஐரோப்பாவுக்குத் தீ வைக்கிறவனுக்குக் கேடு என்றார். நிலையான அமைதி ஒரு கனவு, அழகான கனவுகூட இல்லை என்று பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதியவரும் இவர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டவில்லை. நானும் ஒட்ட வைக்கப் பார்க்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று பெர்லினில் இறந்தார்.

இறப்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால், 1889 அக்டோபரில், எடிசனின் ஆள் வாங்கேமான் என்பவர் கிராய்சாவுக்கு ஒரு பெட்டியோடு வந்தார். மெழுகு உருளையில் குரலைப் பதியும் கருவி. கிழவர் அதன் முன் உட்கார்ந்து கோத்தேயின் ஃபாஸ்ட்டிலிருந்தும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலிருந்தும் சில வரிகள் சொன்னார். அந்த உருளைகள் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கிடந்தன. அது யாருடைய குரல் என்று 2012இல்தான் வெளியே தெரிந்தது. 1800இல் பிறந்த ஒருவர் பேசுவதை இன்று நாம் கேட்க முடிகிறது. கரகரப்புக்கு நடுவே, மெல்லிய, நிதானமான குரல்.